வைல்டு காட் ட்வார்ஃப் சிக்லிட்: என்ன இனம், எது ஆண், எது பொட்டை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சின்னு நம்ம பக்கம் அபிஸ்டோ, அதாவது அபிஸ்டோகிராமாங்கற குட்டி தொட்டி மீன், வளக்கற பசங்க இப்ப நெம்ப பேரு இருக்காங்க. கொளத்தூர்ல இருந்தோ பெங்களூர்ல இருந்தோ தெர்மாகோல் பொட்டில ராத்திரி பஸ்ல மீன் வந்து எறங்குது, காத்தால பொட்டிய பிரிச்ச கையோட எனக்கு போட்டோ வருது, "அண்ணா இது என்ன இனம், இதுல எது ஃபீமேல்"னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னதை எல்லாம் இங்க ஒட்டுக்கா எழுதிட்டேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

ட்வார்ஃப் சிக்லிட்னா எதெல்லாம்ங்க?

பத்து செ.மீ. தாண்டாத சிக்லிட் எல்லாத்தையும் பொதுவா அப்படித்தான் சொல்றோம். தென் அமெரிக்காவுல அபிஸ்டோகிராமா, ரேம், செக்கர்போர்டு, நன்னகாரா, ஆப்பிரிக்காவுல கிரிப், டாங்கனிகா ஏரியில சிப்பிக்குள்ள குடியிருக்கற குட்டி மீனுங்க. அபிஸ்டோவுல மட்டும் பேரு வெச்ச இனம் 90க்கு மேல இருக்குது, பேரு வெக்காததும் நெறைய, அதனாலதான் குழப்பமும் அங்கதான் அதிகம், இந்தப் பக்கத்துலயும் பெரும்பாலும் அதப்பத்தித்தான் பேசறேன். சிக்லிட்னா ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க, நம்ம ஏரியில குளத்துல வலை போட்டா வர்ற ஜிலேபி மீனும் சிக்லிட் குடும்பம்தான், ஆப்பிரிக்காவுல இருந்து 1952ல இந்தியாவுக்கு கொண்டாந்தது.

வைல்டு காட்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நெசமாலுமே ஆத்துல புடிச்சதா, பண்ணையில வளத்ததான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

மொதல்ல பேரைப் பாருங்க. அபிஸ்டோவுல ககாட்டூய்டஸ்ங்கற இனத்துல "டபுள் ரெட்", "டிரிபிள் ரெட்", "ஆரஞ்சு ஃப்ளாஷ்"னு வந்தா அது தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து வளத்த மீன், ஆத்துல அப்படி ஒண்ணு கெடையாது. ரேம்ல "கோல்டு", "எலக்ட்ரிக் ப்ளூ", "பலூன்" எல்லாமே பண்ணைதான். ஆத்துல புடிச்ச ககாட்டூய்டஸ் ஆண் சாம்பல் மஞ்சளா இருக்கும், வால்ல மேல ஒண்ணு ரெண்டு புள்ளி செகப்பா இருந்தா இருக்கும், அதுவும் இல்லாமயும் இருக்கும். கடையில பாத்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

அடுத்தது உடம்பு. வைல்டு மீன் ஒல்லியா, வயிறு ஒட்டி வரும், துடுப்பு ஓரம் கிழிஞ்சிருக்கும், ஒரே பையில பெருசும் சிறுசும் கலந்து இருக்கும், ஏன்னா ஆத்துல வலைக்கு சிக்குனதைத்தான் புடிச்சிருக்காங்க. பண்ணை மீன் எல்லாம் ஒரே அச்சுல வாத்தாப்பல ஒரே அளவா இருக்கும். பெல்லட் போட்டா பண்ணை மீன் ஓடி வரும், வைல்டு மீன் மொறச்சுப் பாத்துட்டு எலைக்கு அடியில பூந்துக்கும், அதுக்கு ஆர்டீமியா, மொயினா, கொசுப்புழுன்னு உசுரோட அசையற தீனிதான் மொதல்ல குடுக்கோணும்.

இன்னொண்ணும் கேளுங்க, எந்த ஆத்துல புடிச்சதுன்னு. பெருவுல இக்கிடோஸ் ஊரு, பிரேசில்ல ரியோ நீக்ரோ, கொலம்பியாவுல இனிரிடா, இப்படி ஒரு எடத்துப் பேரு கூடவே வரும். அந்தப் பேரு இல்லாம வைல்டுன்னு மட்டும் சொன்னா நான் அதுக்கு கூடுதல் காசு குடுக்க மாட்டேன்.

பொட்டிய பிரிச்சுப் பாத்தா எல்லாமே ஒரே சாம்பல் கலரா இருக்குதுங்க, கட்டமா கோடு தெரியுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லீங்க, சித்த பொறுங்க. பன்னெண்டு மணி நேரம் பையில குலுங்கி வந்த மீன் எப்படி கலர் காட்டும்? பயந்த மீன் உடம்புல குறுக்குப் பட்டை ஏறும், நெடுக்குப் பட்டை மங்கிரும், சிலது வெளிறிப் போயி ஒண்ணுமே தெரியாது. ரெண்டு வாரம், சில மீனுக்கு ஒரு மாசம், நாட்டு பாதாம் இலை போட்டு தண்ணிய டீ கலர்ல வெச்சு, லைட்ட கொறச்சு, ஒளியறதுக்கு எடம் குடுத்து விட்டுருங்க.

எங்க அப்புச்சி மாடு வாங்க கண்ணபுரம் சந்தைக்கு போவாரு, நானும் சின்னப் பையனா கூட போயிருக்கேன். காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், அஞ்சாறு மாசத்துல சாம்பலுக்கு மாறிரும், காளைக்கு வயசாக ஆக திமிலும் கழுத்தும் கருத்துரும். அதனால அப்புச்சி கலரப் பாத்து வெலை பேசுனதே இல்ல, பல்லு, சுழி, கொம்பு, காலு, நடை இதத்தான் பாப்பாரு. நான் மீனுக்கும் அதத்தான் சொல்றேன். கலரு மனநிலைக்கு தக்கன நிமிஷத்துல மாறும், துடுப்போட வடிவமும் பட்டை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கறதும் மாறாது.

அப்ப இனம் கண்டுபுடிக்க எதைப் பாக்கோணும்?

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

மொதல்ல கண்ணுக்குப் பின்னால இருந்து வால் பக்கம் ஓடற கருப்புப் பட்டை. அது வால் அடியிலயே நின்னுருதா, வாலுக்குள்ளயும் போகுதா? அகாசிசிங்கற இனத்துல அந்தப் பட்டை வால் நடுவுல பூந்து நுனி வரைக்கும் போகும், வாலும் வேல் நுனியாட்டம் கூரா ஒத்தை மொனையா இருக்கும், அது ரெண்டும் சேந்து இருந்துச்சுன்னா பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். இந்த இனத்துக்கு ஸ்டெயின்டாக்னர் 1875ல பேரு வெச்சாரு, பெரு நாட்டுல இருந்து அமேசான் கடல்ல சேர்ற பக்கம் வரைக்கும் பரவி இருக்குது, அதனால எடத்துக்கு எடம் கலரு வேற வேற, மஞ்சளு, நீலம், செகப்புன்னு. கலரப் பாத்தா நாலு இனம்னு நெனைப்பீங்க, பட்டையும் வாலும் பாத்தா ஒண்ணுதான்.

ரெண்டாவது வாலோட வடிவம், ஆண் மீன்ல மட்டும் பாருங்க, பொட்டைக்கு பெரும்பாலும் உருண்டையாத்தான் இருக்கும். ககாட்டூய்டஸ்க்கும் பைடீனியாட்டாவுக்கும் வாலு மேலயும் கீழயும் ரெண்டு மொனையா நீளும். போரெல்லி, நிஜ்சேனிக்கு உருண்டை.

மூணாவது முதுகுத் துடுப்பு. ககாட்டூய்டஸ்க்கு முன்னால இருக்கற நாலஞ்சு முள்ளு கொண்டை வெச்ச கிளியாட்டம் தூக்கி நிக்கும், பேரே அதனாலதான் வந்துச்சு. போரெல்லிக்கு துடுப்பு முழுசுமே பாய்மரமாட்டம் ஒசந்து இருக்கும், மூஞ்சி மஞ்சளு, ஒடம்பு நீலம். டிரைஃபேசியாட்டாவுக்கும் முன் முள்ளு நீளும், ஆனா அது சின்ன மீன், அதுக்கு இன்னொரு அடையாளம் நெஞ்சுத் துடுப்பு அடியில இருந்து அடித்துடுப்பு (வயித்துக்குப் பின்னால வால் பக்கம் இருக்கறது) பக்கம் சாய்வா ஒரு கோடு எறங்கும், பேருல இருக்கற மூணாவது கோடு அதுதான்.

நாலாவது வயித்துப் பக்கம். ககாட்டூய்டஸ்க்கு பெரிய பட்டைக்கு கீழ மெல்லுசா மூணு கோடு போகும். பொட்டைக்கும் அது இருக்கறதால ஆண் இல்லாம பொட்டை மட்டும் வந்தாலும் இத வெச்சு ஓரளவு சொல்லிரலாம். ககாட்டூய்டஸ் ஆணுக்கு வாயி பெருசு, ஒதடு தடிமனு, பைடீனியாட்டா அதைவிட மெல்லுசான ஒடம்பு, ரெண்டு பட்டையும் தெளிவா இருக்கும்.

அப்பறம் கண்ணுல இருந்து கன்னத்துல எறங்கற கோடு, வால் ஆரம்பிக்கற எடத்துல இருக்கற புள்ளி. புள்ளி தனியா இருக்குதா, பட்டையோட ஒட்டி இருக்குதா, எவ்வளவு பெருசுன்னு குறிச்சு வெச்சுக்கங்க. நிஜ்சேனி, பாண்டூரோ ரெண்டும் பாக்க ஒண்ணாட்டம் இருக்கும், ரெண்டும் பெரு நாட்டு மீன், ஆனா பாண்டூரோவுக்கு வால் அடியில கருப்பு நெம்ப பெருசா முக்கோணமா இருக்கும்.

சிலர் "அபிஸ்டோகிராமா"ன்னா பட்டையத்தான் சொல்றாங்கன்னு நெனைக்கறாங்க. 1913ல ரீகன் அந்தப் பேரு வெச்சப்ப சொன்னது செதில் மேல ஓடற உணர்வுக் கோட்ட, அது இந்த மீன்ல நேரா முழுசா இல்லாம விட்டு விட்டு ஓடறதால "நம்ப முடியாத கோடு"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சாரு.

வியெஜிட்டான்னு சொல்லி வாங்குனேன், போட்டோ பாத்தவங்க மேக்மாஸ்டரிங்கறாங்க. எது சரி?

அவங்க சொல்றதுதான் சரியா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டும் கொலம்பியாவுல மெட்டா ஆத்துப் பக்கம் இருக்கற அபிஸ்டோ, ரெண்டுக்கும் குல்லண்டர் ஒரே வருஷம் 1979ல பேரு வெச்சாரு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒறவு. கடையில வியெஜிட்டாங்கற பேருல ஓடறது பெரும்பாலும் பண்ணையில வளத்த மேக்மாஸ்டரி. மீன் மேல தப்பு இல்ல, நல்ல மீன், அழகா வளருங்க, ஆனா குஞ்சு விக்கறப்ப வியெஜிட்டான்னு எழுதி விக்காதீங்க, அந்தத் தப்பு உங்ககிட்ட வாங்கறவரு வழியா இன்னும் பத்து வீட்டுக்கு போகும்.

பேரு இல்லாத மீனுக்கு வியாபாரிங்க ஒரு பேரு வெச்சு விக்கறதும் உண்டு. "இன்கா"ன்னு வந்த அபிஸ்டோவுக்கு 2004லதான் பேன்ஷின்னு முறையான பேரு கெடச்சுது. அதனால பையில என்ன பேரு எழுதியிருக்குதோ அதை அப்படியே நோட்டுல எழுதி வைங்க, நாளைக்கு பேரு மாறுனாலும் உங்க மீன் எதுன்னு தெரியும்.

ஆண், பொட்டை எப்படிங்க பிரிக்கறது? சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமா சொன்னாத்தான் தப்பாகுது, ஆனா அபிஸ்டோவுக்கு பொதுவா இப்படி. நல்லா வளந்த ஆண் எட்டு செ.மீ. பக்கம் வரும், பொட்டை அஞ்சு. ஆணுக்கு முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பின்னால கூரா நீண்டு வாலு மேல படியும், பொட்டைக்கு அந்த நுனி கட்டையா உருண்டையா நின்னுரும். ஆணுக்கு நீலம் பச்சைன்னு மினுக்கம் இருக்கும்.

பொட்டைக்கு நான் பாக்கற மொத அடையாளம் வயித்துத் துடுப்பு. பல இனத்துல பொட்டைக்கு அந்தத் துடுப்போட முன் ஓரம் மை வெச்சாப்பல கருப்பா இருக்கும், ஆணுக்கு அது வெளிறியோ நீலமாவோ நீளமாவோ இருக்கும். சின்ன மீன்ல கூட இது ஓரளவு தெரியும்.

முட்டை போட்டுட்டாங்கன்னா யாரையும் கேக்க வேண்டியதில்ல. பொட்டை எலுமிச்சம்பழ மஞ்சளுக்கு மாறிரும், மேல கட்டமா கருப்பு ஏறும், அஞ்சு செ.மீ. மீன் அவ்வளவு பெரிய ஆணையும் தொட்டி மூலைக்கு தொரத்தி விட்டுரும். நிஜ்சேனி பொட்டை அந்த நேரத்துல மஞ்சள்ல கருப்புத் திட்டு திட்டா நிக்கறத ஒருக்கா பாத்தவங்களுக்கு மறக்காது. ஆனா மஞ்சளா இருக்கறது எல்லாம் பொட்டைன்னு எடுத்துக்காதீங்க, அதுக்கு அடுத்த கேள்விய படிங்க.

பொட்டைன்னு வாங்குன மீன் நாலு மாசத்துல ஆணா மாறிருச்சு. அபிஸ்டோ பால் மாறுமா?

மாறலீங்க, மொதல்ல இருந்தே அது ஆணுதான். ஒரு தொட்டியில பெரிய ஆண் ஒண்ணு இருந்தா சின்ன ஆணுங்க வளராம, துடுப்ப நீட்டாம, மஞ்சளா கலர் மாத்திக்கிட்டு பொட்டையாட்டம் திரியும். ஸ்னீக்கர் மேல்னு சொல்லுவாங்க. அப்படி இருந்தா பெரிய ஆண் அடிக்காது, முட்டை போடற நேரத்துல ஓரமா பூந்து தன் வேலைய முடிச்சுட்டு வந்துரும். பெரிய ஆணை எடுத்துட்டா அடுத்த சில வாரத்துல துடுப்பு நீள ஆரம்பிச்சுரும், நமக்கு பால் மாறுன மாதிரி தெரியுது.

எனக்கே இது நடந்துச்சு. ஒரு வியாபாரிகிட்ட வைல்டு அகாசிசி "ஒரு ஆண் மூணு ஃபீமேல்"னு சொல்லி நல்ல வெலை குடுத்து வாங்குனேன். ஆறு மாசம் கொட்டாங்குச்சிய மாத்தி மாத்தி வெச்சு, மழைத் தண்ணி புடிச்சு ஊத்தி, தீனி மாத்திப் பாத்தும் ஒரு முட்டை இல்ல. பெரிய ஆண் ஒரு நாள் மூடி சந்துல குதிச்சு செத்துப் போச்சு, மனசு நெம்ப கஷ்டமா இருந்துச்சு. அடுத்த மாசம் பாத்தா மூணு "ஃபீமேல்"ல ரெண்டுக்கு வாலு கூரா வருது. மூணாவது மட்டுந்தான் நெசமான பொட்டை, அது ஒரு கொட்டாங்குச்சிக்குள்ள அப்பறமா முட்டை போட்டுச்சு. அந்த ஆறு மாசத்துல ஒரு நாளாவது வயித்துத் துடுப்ப லென்ஸ் வெச்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நான் மஞ்சளை மட்டுமே பாத்துட்டு இருந்துட்டேன்.

அதனால ஜோடின்னு ரெண்டு வாங்காதீங்க, முடிஞ்சா ஆறு வாங்குங்க. கடையில சின்னதா இருக்கறதை எல்லாம் ஃபீமேல்னு புடிச்சுக் குடுப்பாங்க, அவங்க வேணும்னே பண்றாங்கன்னு சொல்லல, அவங்களுக்கும் தெரியறதில்ல. வீட்டுக்கு வந்ததும் சின்னதை எல்லாம் பெரிய ஆண் கண்ணுல படாம தனித் தொட்டியில ஒரு மாசம் விடுங்க. ஒளிஞ்சிருந்த ஆண் தானா வெளிய வந்துரும்.

வயித்துக்கு அடியில பாத்தே சொல்லலாம்கறாங்களே?

சொல்லலாம், ஆனா கை பழகோணும். வயித்துக்கு அடியில முட்டையோ விந்தோ வர்ற குழாய், பேப்பில்லாம்பாங்க, பொட்டைக்கு தடிமனா மழுங்கலா இருக்கும், ஆணுக்கு மெல்லுசா கூரா பின்பக்கம் சாஞ்சு இருக்கும். முட்டை போடறதுக்கு ஒண்ணு ரெண்டு நாளு முன்னாடி கண்ணாடி வழியாவே தெரியும், மத்த நாள்ல அஞ்சு செ.மீ. மீன்ல பாக்கறது செரமம்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். மீன் கடையில முழு ஜிலேபி நாலு வாங்கிட்டு வாங்க, கொழம்பு வைக்கறதுக்கு முன்னாடி மல்லாக்க போட்டு பாருங்க. ஆணுக்கு ரெண்டு ஓட்டை, பொட்டைக்கு மூணு. ஆண் ஜிலேபி சீசன்ல ஒடம்பு கருத்து, தாடை வெளுத்து, துடுப்பு ஓரம் செகப்பா இருக்கும், அதையும் சரி பாத்துக்கலாம். பத்து ஜிலேபி பாத்த கண்ணுக்கு கிரிப்போட பேப்பில்லா புரியும். உசுரோட இருக்கற சின்ன அபிஸ்டோவ மட்டும் இதுக்காக கையில புடிச்சு அமுக்கிப் பாக்காதீங்க, வைல்டு மீன் அந்த பயத்துலயே போயிரும்.

ரேம்ல எப்படி?

ரேம் வெனிசுவேலா, கொலம்பியா புல்வெளிக்காட்டு மீன், 1948ல மயர்ஸும் ஹாரியும் சேந்து ராமிரேசின்னு பேரு வெச்சாங்க. வளந்த ஆணுக்கு முதுகுல முன்னால ரெண்டாவது மூணாவது முள்ளு நீண்டு நிக்கும், பொட்டைக்கு வயிறு ரோஸ் கலர்ல குண்டா இருக்கும். ஒடம்பு நடுவுல இருக்கற கருப்புப் புள்ளிக்குள்ள நீல மினுக்குச் செதில் இருந்தா பொட்டைன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, வைல்டு ரேம்ல அது ஓரளவு சரியா வரும், பண்ணை ரேம்ல ஆணுக்கும் நீலம் ஏறியிருக்கறதால நான் நம்பறதில்ல. பண்ணை ரேம்ல சிலதுக்கு ஹார்மோன் குடுத்து கலர் ஏத்துவாங்க, பொட்டை கூட ஆணாட்டம் மின்னும், அதுல ஜோடி தேடி நேரத்த வீணாக்காதீங்க. ரோஸ் வயிறுதான் எனக்கு மொத சாட்சி, முள்ளு ரெண்டாவது.

கிரிப், செக்கர்போர்டு, நன்னகாரா?

கிரிப் இருக்கறதுலயே சுலபம். பொட்டைதான் அழகி, வயிறு நாவப்பழச் செகப்பா, ஒடம்பு குட்டையா உருண்டையா, வயித்துத் துடுப்பு நுனி உருண்டையா இருக்கும். ஆண் நீளமா, துடுப்பு நுனியெல்லாம் கூரா, வாலு நடுவுல துருத்திக்கிட்டு இருக்கும். கடையில கிரிபென்சிஸ்னு சொல்றது பெரும்பாலும் நைஜீரியாவுல இருக்கற பல்ச்சர்ங்கற இனம், கிரிபிங்கறது கேமரூன் நாட்டு கடலோர ஊரு, பழைய பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

செக்கர்போர்டுல, அதாவது டைக்ராசஸ் ஃபிலமெண்டோசஸ்ல, ஆண் வாலு ரெண்டு பக்கமும் நூலாட்டம் நீளும், ஆனா அது வளர்றதுக்கு நெம்ப நாளாகும், சின்னதுல எதுவும் சொல்ல முடியாது. நன்னகாரா அனோமலா ஆண் பொட்டைய விட ஒண்ணரை மடங்கு பெருசு, பொட்டைக்கு குஞ்சு காக்கறப்ப ஒடம்பு முழுக்க சதுரங்கக் கட்டம் வரும்.

ஒரே பையில பல இனத்துப் பொட்டைங்க கலந்து வந்துருச்சு. எந்த ஆணுக்கு எந்தப் பொட்டைன்னு எப்படி பாக்கறது?

வைல்டு பொட்டில இது நெம்ப சகஜம், ஒரே ஓடையில ரெண்டு மூணு இனம் இருக்கும், சிறுசெல்லாம் ஒண்ணா வலையில வரும். பொட்டைய பொட்டையோட மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க: கன்னக்கோடு, வால் புள்ளி, வயித்துக்கோடு, மஞ்சளா மாறுனப்ப பட்டை முழுசா நிக்குதா திட்டா ஒடையுதா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதை தனியா பிரிச்சு வைங்க. சந்தேகமா இருந்தா ஜோடி போடாதீங்க.

ஆண் ஒரு இனம் பொட்டை ஒரு இனமா இருந்தாலும் சிலது சேந்து குஞ்சு பொரிச்சுரும், தொட்டியில வேற துணை இல்லாதப்ப இன்னும் சுலபமா. அந்தக் குஞ்சு கைமாறி கைமாறி போனா பத்து வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல சுத்தமான இனமே மிஞ்சாது. ஒரே இனமா இருந்தாலும் ரெண்டு வேற ஆத்துல புடிச்சதை கலக்காதீங்கன்னு நான் சொல்றதும் அதுக்குத்தான்.

எங்கிட்ட பொரிக்கற குஞ்சு எல்லாம் ஆணாவே வருதுங்க, ஏன்?

தொட்டி சூடு. ரோமர், பைசன்ஹெர்ஸ்னு ரெண்டு பேரு 1996ல எழுதுன ஆராய்ச்சியில 37 அபிஸ்டோ இனத்த சோதிச்சதுல 33ல சூட்டுக்கு தக்கன ஆண் பொட்டை கணக்கு மாறுச்சு. சூடு கூடுனா ஆண் அதிகம், கொறைஞ்சா பொட்டை அதிகம். குஞ்சுக்கு மொத சில வாரத்துலயே இது முடிவாயிரும், அப்பறம் மாத்த முடியாது. நம்ம பக்கம் சித்திரையில தொட்டித் தண்ணி 30 டிகிரிய தாண்டிரும், அப்ப பொரிச்சா ஆணாத்தான் வரும். ஆடிக்காத்து அடிக்கறப்பவும் மார்கழியிலயும் பொரிக்க வைங்க, 26 பக்கம் இருந்தா ரெண்டும் கலந்து வரும். கிரிப்புக்கு பிஎச்சும் சேந்து வேலை பண்ணும், புளிப்புத் தண்ணியில ஆண் கூடும்.

தண்ணிக்கு என்ன பண்றது?

சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்காரங்க குடுத்து வெச்சவங்க, மென்மையான தண்ணி, குளோரின் போக ஒரு நாள் வெச்சுட்டு ஊத்தலாம். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் போர் தண்ணி உப்பு அதிகம், டிடிஎஸ் மீட்டர் வெச்சாலே தெரியும், அதுல வைல்டு அபிஸ்டோ உசுரோட இருந்தாலும் முட்டைக்கு பூஞ்சை புடிக்கும். ஆர்ஓ தண்ணியோ, மொத மழைய விட்டுட்டு புடிச்ச மழைத் தண்ணியோ கலந்துக்கங்க. ஆர்ஓ வாங்க முடியலைன்னா டாங்கனிகா சிப்பி மீன் வளருங்க, மல்டிஃபேசியாட்டஸ் அந்த உப்புத் தண்ணியிலதான் சந்தோஷமா இருக்கும்.

நம்ம நாட்டு சிக்லிட்ல ஆண் பொட்டை தெரியுமா?

இந்தியாவுக்குன்னு சொந்தமான சிக்லிட் மூணுதான். கரிமீன், பாலக்காட்டுக்காரங்க பள்ளத்திங்கற ஆரஞ்சு குரோமைடு, கர்நாடகாவுல மட்டும் இருக்கற கனரா கரிமீன். ஆரஞ்சு குரோமைடு எட்டு செ.மீ. மீன், பொள்ளாச்சியில இருந்து மேக்கால எறங்குனா கெடைக்கற மீனு, ஆனா நம்ம பசங்க யாரும் வளக்கறதில்ல, எனக்கு அது பெரிய கொறை. அதுல ஆணும் பொட்டையும் பாக்க ஒரே மாதிரி, கலரும் ஒண்ணு துடுப்பும் ஒண்ணு. ஆறு வளத்து தானா ஜோடி சேர விடறதுதான் வழி. குஞ்சுங்க அப்பா அம்மா ரெண்டு பேரு ஒடம்புலயும் ஒரசி ஒரசி அந்த வழவழப்ப தின்னும், அத ஒரு நாள் பொழுதோட உக்காந்து பாருங்க.

வேண்டாத ஆணுங்க மிஞ்சிருச்சு. வாய்க்கால்ல விட்டரலாமா?

விடவே கூடாது. நொய்யலா இருந்தாலும் கீழ்பவானி வாய்க்காலா இருந்தாலும் தோட்டத்துக் கெணறா இருந்தாலும் கூடாது. தொட்டி கழுவற மீனுன்னு வாங்கி வெளிய விட்ட சக்கர் மீன் இப்ப வலையக் கிழிக்குது, குளத்துல வேற மீன் இல்லாம பண்ணுது. மிஞ்சுன மீன வளக்கறவங்களுக்கு சும்மா குடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.

இனம் கேட்டு போட்டோ அனுப்போணும்னா எப்படி எடுக்கறது?

மீன் வந்து ரெண்டு வாரம் ஆனதுக்கு அப்பறம் எடுங்க. கண்ணாடிய தொடச்சுட்டு, ஃப்ளாஷ் இல்லாம, மீன் நேரா பக்கவாட்டுல நிக்கறப்ப, துடுப்பு விரிச்ச நேரமா பாத்து. ஒரு போட்டோ பத்தாது, அமைதியா இருக்கறப்ப ஒண்ணு, இன்னொரு மீனோட மொறைக்கறப்ப ஒண்ணு, லைட்டு போட்டதும் பயந்து நிக்கறப்ப ஒண்ணு, ஏன்னா ஒவ்வொரு நேரத்துலயும் ஒவ்வொரு பட்டை தெரியும். வயித்துத் துடுப்பு தெரியற மாதிரி கீழ இருந்து ஒண்ணு. நீளம் எத்தனை செ.மீ.ன்னு எழுதுங்க, கூட இருக்கற மீனுங்க எத்தனைன்னும் எழுதுங்க. பையில ஒட்டியிருந்த பேரும் ஆத்துப் பேரும் எழுத்துப் பிழையோட இருந்தாலும் அப்படியே அனுப்புங்க, திருத்தாதீங்க.